எந்த வரியில் நின்றாய்?

கேள்வி:

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவது வரை நல்ல மார்க் வாங்கியவள். இப்போது இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் வீட்டுப்பாடக் கணக்கு என்றாலே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மணிக்கு மேல் கைடைப் பார்த்தோ, கணக்கைப் போனில் படம் பிடித்தோ விடையை எழுதி முடித்துவிடுகிறாள். நோட்டில் எல்லாம் டிக். ஆனால் அதே கணக்கு இடைப்பருவத் தேர்வில் வந்தால் போடத் தெரியவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். என் கணவருக்குத் துவாக்குடியில் ஷிஃப்ட் வேலை. மூன்று பாடத்துக்கும் தனித்தனியாக டியூஷன் வைக்கச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தில். எங்கள் வருமானத்துக்கு அது பெரிய பாரம். இயற்பியல் தெரியாத நான் அவளுக்கு எப்படி உதவுவது? டியூஷன் கட்டாயம் வேண்டுமா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறாள், அதற்கு என்ன வழி?

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர், திருச்சி

அன்புள்ள அம்மா, வணக்கம்.

நோட்டில் எல்லாம் டிக், தேர்வில் போடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் எங்கே என்று நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் மகளுக்கு விடை கிடைக்காத குறை இல்லை. கைடில் விடை இருக்கிறது, போனில் இருக்கிறது, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது, பக்கத்து பெஞ்சுத் தோழியிடமும் இருக்கிறது. தான் எந்த வரியில் நிற்கிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அந்த வரியைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வரியைத் தாண்ட மட்டும் கை கொடுப்பதுதான் வீட்டுப்பாடத்துக்குச் செய்யும் உண்மையான உதவி. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் அவள் யோசிக்க வேண்டியதை நாம் பறித்துக்கொள்வதாகும். இந்த உதவியை நீங்களே செய்யலாம். உங்களுக்கு இயற்பியல் தெரியாதது அதற்குத் தடையே இல்லை.

பிளஸ் ஒன்னில் ஏன் திடீரென்று தடுக்கிறது?

முதலில் உங்கள் மகளைக் குறை சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்பில் பெரும்பாலான கணக்குகள் ஒரே சூத்திரத்தில் முடியும். எண்களைப் போட்டால் விடை வரும். பிளஸ் ஒன்னில் ஒரே கணக்குக்குள் மூன்று கருத்துகள் சேர்ந்து வரும். எதை முதலில் எடுப்பது என்று மாணவரே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு காரணத்தைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. 2018இல் வந்த பாடத்திட்டத்தின்படி, இயற்பியல் முதல் தொகுதியில் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் மூன்றும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்தில் அதே மூன்றும் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. கணக்கு ஆசிரியர் நடத்துவதற்குப் பல மாதம் முன்பே அந்தக் கருவிகள் இயற்பியல் வகுப்பில் வேண்டியிருக்கின்றன. முதல் இடைப்பருவத் தேர்வில் நல்ல மாணவர்களும் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அவளிடம் இதைச் சொல்லுங்கள். தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த எண்ணம் முதலில் போக வேண்டும். கணிதத்தின் இரண்டாம் தொகுதியை இப்போதே எடுத்து, வெக்டர் பாடத்தின் முதல் சில பக்கங்களையும் வகையிடலின் அடிப்படை விதிகளையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு வார இறுதிகள் போதும்.

இயற்பியல்: மலைக்கோட்டையை வைத்து ஒரு கணக்கு

தடுக்கிற வரியைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 50 கிலோ நிறையுள்ள ஒரு மாணவி மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து உச்சிப்பிள்ளையார் சன்னதி வரை 10 நிமிடத்தில் ஏறுகிறாள். மலையின் உயரம் சுமார் 83 மீட்டர். அவள் செலவிட்ட திறன் எவ்வளவு?

பாடத்தில் உள்ளபடி, புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை என்பது நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல். 50 × 9.8 × 83 = 40,670 ஜூல். அதை நேரத்தால் வகுத்தால் திறன் வரும்.

வகுப்பில் பத்துப் பேரிடம் இதைக் கொடுத்தால் மூன்று விதமான தடுமாற்றங்களைப் பார்க்கலாம். சிலர் முதல் வரியிலேயே நிற்பார்கள்: "சார், எத்தனை படின்னு கொடுக்கலையே?" புவியீர்ப்புக்கு எதிரான வேலை உயரத்தை மட்டுமே பொறுத்தது, போகும் வழியைப் பொறுத்தது இல்லை என்ற கருத்து அவர்களுக்கு இன்னும் பதியவில்லை. சிலர் 50ஐயும் 83ஐயும் மட்டும் பெருக்குவார்கள். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டில் அவர்கள் நிற்கிறார்கள். இன்னும் சிலர் எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் 40,670ஐ 10ஆல் வகுத்து 4,067 வாட் என்று எழுதுவார்கள். நிமிடத்தை விநாடியாக மாற்றவில்லை.

மூவருக்கும் கைடு தரும் விடை ஒன்றுதான்: 600ஆல் வகுத்தால் சுமார் 68 வாட். மூவரும் அதை எழுதி டிக் வாங்கிவிடுவார்கள். ஆனால் மூவருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. முதல் பிள்ளை பாடத்தின் ஒரு பத்தியை மறுபடி படிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம் வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த விடை நடக்கிற காரியமா?" வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரின் திறன் சுமார் 3,730 வாட். படியேறும் ஒரு பெண் அந்த மோட்டாரை விட அதிகத் திறனோடு வேலை செய்தாள் என்று விடை சொல்கிறதே, அது எப்படி? இப்படிக் கேட்டால் தவறை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

சரியான விடை வந்த பிறகும் ஒரு நல்ல கேள்வி மிச்சம் இருக்கிறது. 40,670 ஜூல் என்பது 10 கிலோ கலோரிகூட இல்லை. அவ்வளவு சிறிய வேலைக்கு ஏன் இத்தனை மூச்சு வாங்குகிறது? நம் தசைகள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. அதனால்தான் வியர்க்கிறது. இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

வேதியியல்: டால்மியாபுரத்துச் சுண்ணாம்புக்கல்

வேதியியலில் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் முதல் அலகிலேயே இருக்கிறது, மோல் கணக்கு. லால்குடியைத் தாண்டிக் கல்லக்குடிப் பக்கம் போனால் டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை வரும். 1939 முதல் அங்கே சிமெண்ட் தயாராகிறது. சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். கணக்கு இது: 80 சதவீதம் தூய்மையான 250 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்?

கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்ற அணு நிறைகளைக் கொண்டு கூட்டினால் கால்சியம் கார்பனேட்டுக்கு 100 வரும், சுட்ட சுண்ணாம்புக்கு 56, கார்பன் டை ஆக்சைடுக்கு 44. ஆக 100 கிலோவுக்கு 56 கிலோ. நம் கல்லில் உண்மையான கால்சியம் கார்பனேட் 200 கிலோதான். விடை 112 கிலோ.

இங்கே விடையைச் சோதிக்க அருமையான வழி ஒன்று உண்டு. சூளைக்குள் போனது 250 கிலோ. வெளியே வந்தவை 112 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 88 கிலோ வாயு, மாறாமல் தங்கிய 50 கிலோ மாசு. கூட்டினால் 250. பொருண்மை அழியாது என்று முந்தைய வகுப்புகளில் படித்த விதி இங்கே கணக்குச் சரிபார்க்கும் கருவியாகிறது. வேதியியல் கணக்கு ஒவ்வொன்றையும் இப்படிக் கூட்டிப் பார்க்கப் பழகிய பிள்ளை, விடைத்தாளைத் திருத்த யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த 88 கிலோ வாயு எரிபொருளிலிருந்து வந்ததில்லை, கல்லிலிருந்தே வந்தது. சிமெண்ட் தொழில் உலக வெப்பமயமாதலுக்குப் பெரிய காரணங்களில் ஒன்றாகப் பேசப்படுவது ஏன் என்பதும் இந்தப் பிளஸ் ஒன் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கு: ஆறு மாதம் விடை வராத ஒரு கேள்வி

கணக்கைக் கேள்வியாகப் போட்டு, மற்றவர்களிடம் விடை கேட்கும் பழக்கம் நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1907இல் வி. ராமசுவாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதவியல் சங்கத்தின் இதழில் வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், மற்ற வாசகர்கள் தீர்வு அனுப்புவார்கள். 1911இல் நிலையான வேலை இல்லாத இளைஞராக இருந்த சீனிவாச ராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் நீளும் இந்தக் கோவையின் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ஆறு மாதம் ஆகியும் யாரும் தீர்வு அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடை சொன்னார்: 3. பார்த்தால் மிரட்டும் இந்தக் கணக்கின் அடித்தளம் ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். எந்த எண்ணின் வர்க்கமும் அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் வரும். 3இன் வர்க்கம் 2 × 4 + 1. 4இன் வர்க்கம் 3 × 5 + 1. 5இன் வர்க்கம் 4 × 6 + 1. ஆகவே 3 என்பது √(1 + 2 × 4). அதில் உள்ள 4க்குப் பதிலாக √(1 + 3 × 5) என்று எழுதுங்கள். அந்த 5க்குப் பதிலாக √(1 + 4 × 6) என்று எழுதுங்கள். எழுதிக்கொண்டே போனால் ராமானுஜனின் கோவை கண்முன் விரியும். முடிவில்லாமல் நீளும்போதும் மதிப்பு 3தான் என்று உறுதி செய்ய 'எல்லை' என்ற பாடம் வேண்டும். அது உங்கள் மகளுடைய கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது.

இதை அவளிடம் கொடுக்கும்போது முதலில் கோவையை மட்டும் காட்டுங்கள். கால்குலேட்டரில் இரண்டு மூன்று அடுக்கு வரை போட்டுப் பார்க்கட்டும், 3ஐ நெருங்குவது தெரியும். ஒரு நாள் கழித்து வர்க்க விதியை மட்டும் சொல்லுங்கள். முழு விடையை உடனே காட்டினால் "ஓ, அப்படியா" என்று நகர்ந்துவிடுவாள். முட்டி மோதிய பிறகு கிடைக்கும் ஒற்றை வரி நெஞ்சில் தங்கிவிடும். வீட்டுப்பாடக் கணக்குக்கும் இதே முறைதான்: முதலில் முயற்சி, பிறகு ஒரு வரி உதவி, மறுபடி முயற்சி.

நீங்கள் செய்ய வேண்டியது

தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அன்று போட்ட கணக்குகளில் ஒன்றை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

என்ன கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காங்க, உன் வார்த்தையில சொல்லு.
என்னென்ன கொடுத்திருக்காங்க, படமா போட்டுக் காட்டு.
இந்த வரியிலேருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தே?
விடை நடக்கிற காரியமா, அலகு என்ன?

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குத் தீர்க்கும் வழியைப் பற்றி 1945இல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்ன நான்கு படிகளும் கிட்டத்தட்ட இவைதாம்: கேள்வியைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்து முடி, திரும்பிப் பார்.

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. அமெரிக்காவில் மிஷலின் சீ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயற்பியல் பாடத்தில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பிறகு கணக்குகளைச் சிறப்பாகப் போட்ட மாணவர்கள், படிக்கும்போதே ஒவ்வொரு வரியையும் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். "இது எனக்குப் புரியவில்லை" என்று அதிகம் சொன்னவர்களும் அவர்களே. சரியாகப் போடாதவர்கள் படிக்கும்போது தங்களுக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள்.

உங்களிடம் விளக்கும்போது உங்கள் மகள் அந்தப் பயிற்சியைத்தான் செய்கிறாள். ஏதோ ஒரு வரியில் "அது... கைடுல அப்படித்தான் இருக்கு" என்பாள். அந்த வரிதான் நாம் தேடும் வரி. அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். நீங்கள் அதை விளக்கவும் வேண்டாம். வட்டம் போட்டாயிற்று என்றால் உங்கள் வேலை முடிந்தது.

கூச்சம் போக ஒரு வழி

சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் கேள்வி எப்படிக் கேட்பது என்று தெரியாது. "சார், இந்தக் கணக்கு புரியல" என்றால் ஆசிரியர் முதலிலிருந்து முழுவதையும் போட்டுக் காட்டுவார். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அதற்கு நேரமும் கிடைக்காது. பிள்ளையும் தலையாட்டிவிட்டு வந்துவிடும். அதே கணக்கில் பென்சில் வட்டம் போட்ட நோட்டோடு போய், "மிஸ், சாய்தளத்துக் கணக்குல மூணாவது வரி வரைக்கும் எனக்கு வந்துச்சு. இங்கே எடையோட எந்தக் கூறு 'சைன்', எந்தக் கூறு 'காஸ்'னு எப்படி முடிவு பண்றது?" என்று கேட்டால், இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும். அப்படிக் கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். நான் பணியில் இருந்த காலமெல்லாம் இடைவேளையில் இத்தகைய கேள்வியோடு வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். என் சக ஆசிரியர்களும் அப்படித்தான்.

இதற்காகத் தனியே ஒரு டவுட் நோட்டு வைக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் கேள்வியும் தான் நின்ற வரியும், வலது பக்கம் கிடைத்த பதில் தன் சொந்த வார்த்தையில். பேசக் கூச்சமாக இருந்தால் நோட்டை மேசையில் வைத்துவிட்டு வரட்டும். எழுதிய கேள்விக்கு எழுதிய பதில் கிடைக்கும்.

கேள்வி கேட்பது அறியாமையைக் காட்டிக்கொள்வது என்று அவள் நினைத்தால், உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனைப் பற்றிச் சொல்லுங்கள். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று பெரிய அறிஞரான ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் கப்பல் பயணத்தில் ராமன் அந்த விடையின் ஒரு வரியில் நின்றார்: பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் நீலம் போய்விடுமா? பட்டகம் ஒன்றை வைத்துப் பிரதிபலித்த ஒளியை நீக்கிப் பார்த்தார், நீலம் போகவில்லை. அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வுதான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவுக்கும் 1930இல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதா, வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு 'ஏன் எதற்கு எப்படி' என்று ஜூனியர் விகடனில் பதில் எழுதினார். கேள்வி கேட்டவர்கள் அத்தனை பேரும் மரியாதையாகவே நடத்தப்பட்டார்கள். உங்கள் மகள் கேட்கும் கேள்வியும் அதே மரியாதைக்கு உரியதுதான்.

கைடும் போனும்

இரண்டையும் பிடுங்க வேண்டாம். பயன்படுத்தும் வரிசையை மாற்றினால் போதும். தமிழ்நாடு முழுக்கப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கைகொடுத்த கோனார் தமிழ் உரையை எழுதிய ஐயம்பெருமாள் கோனார், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். நம் மரபில் மூலத்தைப் படித்துவிட்டுத்தான் உரைக்குப் போவோம். கணக்குக்கும் அதுவே முறை. இருபது நிமிடம் தாளில் முயற்சி. பிறகு கைடைத் திறந்து, தான் நின்ற வரிக்கு அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். மீதியைத் தானே முடிக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே கணக்கை எதையும் பார்க்காமல் ஒருமுறை போட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால்தான் தேர்வில் கை நின்றுபோகிறது.

போனிலும் அப்படியே. கேள்வியை மட்டும் படம் பிடித்தால் முழு விடை வந்து விழும். தான் முயன்ற தாளைப் படம் பிடித்து, "முழு விடை வேண்டாம், என் முதல் தவறு எந்த வரியில் என்று மட்டும் சொல்" என்று கேட்கப் பழகட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நல்ல உதவியாளர்கள். ஆனால் தவறான விடையையும் தயங்காமல் சொல்லக்கூடியவை. அலகு சரியா, அளவு நடக்கிற காரியமா, புத்தகத்தின் பின்பக்க விடையோடு பொருந்துகிறதா என்று மூன்றும் பார்த்த பிறகே நோட்டில் ஏற வேண்டும். போன் உங்கள் கண்பார்வையில், கூடத்தில் இருக்கட்டும்.

டியூஷன் வேண்டுமா?

டியூஷன் என்பதே தவறில்லை. அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது விடிகாலை 4 மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு டியூஷனுக்குப் போனதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். பிறகு நம் செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான் இயற்பியல் படித்தார். ஆனால் பள்ளியில் நடத்தியதையே மாலையில் மறுபடி பலகையில் எழுதிப்போடும் டியூஷனால் உங்கள் மகளுக்குப் பலன் இல்லை. அவள் குறை விளக்கம் கேட்காதது இல்லை, தானாகப் போட்டுப் பழகாதது.

ஆகவே இப்போது மூன்று டியூஷன் வைக்காதீர்கள். இரண்டு மாதம் மேலே சொன்னபடி செய்யுங்கள். டவுட் நோட்டில் எந்தப் பாடத்தில் வட்டங்கள் குறையவே இல்லையோ, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் தேடுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "என் பொண்ணு போட்ட கணக்கை நீங்க பாத்துத் திருத்துவீங்களா?" ஆமாம் என்பவரிடம் சேருங்கள். கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ படிக்கும் அக்காமார் யாராவது தெருவில் இருந்தால் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே போதும்.

காசு செலவில்லாத வழிகளும் நம் ஊரில் உண்டு. பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில வழிக்கு மாறியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். புத்தகத்தில் அச்சான விரைவுக் குறியீட்டைப் போனில் காட்டினால் பாடக் காணொளிகள் வரும். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. மேலப்புலிவார்டு ரோட்டில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராக்கிவிடுங்கள். விடுமுறை நாளில் புதுக்கோட்டை சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையம் கோளரங்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். ஞாயிறு காலையில் இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து கணக்குப் போடுவதும் மிக நல்லது. ஒரே நிபந்தனை: ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகே நோட்டுகளை ஒப்பிட வேண்டும்.

முடிப்பதற்கு முன் உங்கள் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலே போதும். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். கோபுரத்துக்கு நேர் எதிரே ஒரு பெண் நிற்கிறாள். கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30 டிகிரி. அவள் கோபுரத்தை நோக்கி நேராக நடக்கிறாள். ஏற்றக்கோணம் 60 டிகிரி ஆனதும் நின்றுவிடுகிறாள். அவள் நடந்த தூரம் எவ்வளவு? அவளுடைய கண்ணின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

விடையைச் சரிபார்க்க ஒரு குறிப்பு: அது ஏறத்தாழ மலைக்கோட்டையின் உயரத்துக்குச் சமமாக வரும். விடையை நானே சொல்லிவிட்டதால், இனி அவள் எழுத வேண்டியது வழியை மட்டும்தான். படம் வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதி, எங்காவது நின்றால் அங்கே வட்டம் போட்டு இந்தப் பகுதிக்கே அனுப்பச் சொல்லுங்கள். வட்டம் போட்ட வரிக்கு நான் பதில் எழுதுகிறேன்.